சிலைக்குப் பீடம் கட்டிய சில்லறைக் காசுகள்

ஜோசப் புலிட்சர் என்றதும் அவர் பெயரால் வழங்கப்படும் பரிசே பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கோ 1885ஆம் ஆண்டில் அவரது ‘த வேர்ல்ட்’ நாளேடு வெளியிட்ட நன்கொடையாளர் பட்டியல்களே நினைவுக்கு வருகின்றன. அத்தகைய பட்டியல்களைப் பிழைதிருத்திய அனுபவம் எனக்கும் உண்டு. ஒரு பெயர் விடுபட்டாலும் மறுநாள் முறைப்பாடு வந்துவிடும்.

பிரான்ஸ் மக்கள் அன்பளிப்பாக வழங்கிய சுதந்திர தேவி சிலையை நிறுத்துவதற்கு, நியூயோர்க் துறைமுகத்துத் தீவில் பீடம் கட்டி முடிக்கப் பணம் போதவில்லை. செல்வந்தர்கள் போதிய அளவில் உதவவில்லை. 1885 மார்ச்சில் புலிட்சர் சாதாரண மக்களிடம் கையேந்தினார். எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வரும் என்று அறிவித்தார். ஓகஸ்ட் மாதத்துக்குள் ஓர் இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தோர் தொகையும் ஓர் இலட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் ஒரு டொலருக்கும் குறைவாகவே கொடுத்திருந்தனர்.

பீடத்துக்குப் பொறுப்பாயிருந்த அமெரிக்கக் குழுவும் வேறொரு வழியில் பணம் திரட்டியது. ஒரு டொலர் செலுத்தியவருக்கு ஆறு அங்குலச் சிறு சிலை. ஐந்து டொலர் செலுத்தியவருக்குப் பன்னிரண்டு அங்குலச் சிலை. முதல் வழியில் கொடுத்தவருக்குக் கிடைத்தது நன்றி. இரண்டாவது வழியில் கிடைத்தது ஒரு பண்டம். அன்று இந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க மாநிலங்களில் பொதுவான விற்பனை வரி அப்போது இல்லை. 1930களின் பெருமந்தத்தில் வருமானம் வற்றியபோதுதான் மிசிசிப்பி உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வரியை விதித்தன.

2003இல் இசைக் கலைஞர்களுக்காக ‘ஆர்ட்டிஸ்ட்ஷெயார்’ இணையத்தளமும், 2009இல் ‘கிக்ஸ்டார்ட்டர்’ தளமும் தோன்றியபோது புலிட்சரின் முறை புத்துயிர் பெற்றது. 2012இல் ‘பெப்பிள்’ கைக்கடிகாரத்துக்காக ஏறத்தாழ 69,000 பேர் ஒரு கோடி டொலருக்கு மேல் அளித்தனர். அவர்களை ஆதரவாளர்கள் என்று அத்தளம் அழைத்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எதிர்பார்த்தது கைக்கடிகாரத்தை. அப்படியானால் இது நன்கொடையா, முன்பணம் செலுத்திய கொள்வனவா?

வரி அதிகாரிகளின் விடை பெரும்பாலும் ஒன்றே. பணத்துக்கு ஈடாகப் பொருள் கிடைத்தால் அது விற்பனை. வாஷிங்டன் மாநில வருவாய்த் திணைக்களத்தின் விளக்கமும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெறுமதி சேர் வரிக் குழு 2015இல் இதனை ஆராய்ந்து, வெகுமதி அற்பமானதாகவோ பணத்துடன் தொடர்பற்றதாகவோ இருந்தாலன்றி வரி உண்டு என்ற நிலைப்பாட்டை எடுத்தது. பிரித்தானியாவில், திரைப்படத்தின் இறுதியில் பெயரைக் காட்டுவது போன்ற வெறும் நன்றியறிதலுக்கு அவ்வரி இல்லை. புலிட்சரின் பெயர்ப் பட்டியல் இன்றும் தப்பித்துக்கொள்ளும். ஒரு டொலர்ச் சிலை அகப்பட்டுக்கொள்ளும்.

வரியை அறவிட்டுச் செலுத்தும் பொறுப்பு யாருடையது என்பதே அடுத்த சிக்கல். அமெரிக்க உயர் நீதிமன்றம் 1967இலும் 1992இலும் அளித்த தீர்ப்புகளின்படி, தனது எல்லைக்குள் கடையோ களஞ்சியமோ ஊழியரோ இல்லாத வெளிமாநில வணிகரை வரி அறவிடுமாறு ஒரு மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது. அஞ்சல் வழி வணிகத்துக்காகக் கூறப்பட்ட அத்தீர்ப்புகள் இணையத்தில் பணம் திரட்டியோருக்கும் நிழல் கொடுத்தன. 2018 ஜூன் 21 அன்று, தென் டகோட்டா தொடுத்த ‘வேஃபெயார்’ வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அவற்றை மாற்றியது. அம்மாநிலச் சட்டம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் டொலர் விற்பனை அல்லது 200 கொடுக்கல் வாங்கல்கள் என்று எல்லை வகுத்திருந்தது. ஏனைய மாநிலங்களும் தத்தமது எல்லைகளை வகுத்தன. இன்று 45 மாநிலங்கள் இவ்வரியை விதிக்கின்றன.

இதில் அகப்பட்டுக்கொள்பவர் சிறு படைப்பாளியே. பணம் முதலில் வருகிறது. பொருள் பல மாதங்கள் கழித்தே போகிறது. பொருள் எந்த முகவரிக்குப் போகிறதோ அவ்விடத்து வரி விகிதமே பெரும்பாலும் பொருந்தும். ஒருவர் ஆயிரம் பேரிடம் தலைக்கு நூறு டொலர் பெற்று, எட்டு வீத வரியைத் தனியாக அறவிட மறந்தால், எண்ணாயிரம் டொலரைத் தம் கையிலிருந்து செலுத்த நேரிடலாம். அதற்குள் அச்சகத்துக்கும் தொழிற்சாலைக்கும் பணம் போயிருக்கும். ஆகவேதான் பலர் இப்போது வரியையும் அஞ்சற் செலவையும், முகவரிகள் தெரிந்த பின்னர் தனியாக அறவிடுகின்றனர்.

புலம்பெயர் நாடுகளில் நூலுக்கும் குறும்படத்துக்கும் இவ்வாறு பணம் திரட்டும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆதரவாளருக்கு என்ன தருவோம் என்று எழுதும்போதே, அது நன்றியா பண்டமா என்று பிரித்து எழுதுங்கள். பண்டமாயின் அஞ்சற் செலவுக்கு ஒதுக்குவதைப் போலவே வரிக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். நல்ல நோக்கத்துக்காகத்தானே திரட்டினோம் என்ற சமாதானத்தை எந்த வரி அதிகாரியும் ஏற்கமாட்டார்.