மலேசியாவில் அண்ணனை இமிகிரேஷன் பிடிச்சிருச்சா? பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"ரெய்டுல பிடிச்சுட்டாங்க, போன் சுவிட்ச் ஆஃப்." அண்ணனோட ரூம்மேட்கிட்ட இருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் வந்தா, வீடே ஆடிப்போயிடும். அடுத்த போன் பெரும்பாலும் ஏஜென்ட்கிட்ட இருந்து வரும். "உள்ளே ஆள் இருக்கு, பணம் போடுங்க, வெளியே எடுத்துடலாம்" என்பார். அங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. டிடென்ஷனில் இருந்து ஒருவரை ஊருக்குக் கொண்டுவருவது சிபாரிசு அல்ல, சரியான பேப்பர்தான்.

ஏன் பிடிக்கிறாங்க?

2023 டிசம்பரில் இருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். ஆனால், அது சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதை நம்பி வேலைக்குப் போவது, பெர்மிட் முடிந்தும் தங்குவது, பெர்மிட்டில் இருக்கும் முதலாளியை விட்டு வேறு இடத்தில் வேலை பார்ப்பது எல்லாமே அந்த நாட்டுக் குடிநுழைவுச் சட்டப்படி சிக்கல்தான். அனுமதி இல்லாமல் தங்கினால் 5 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் என்று சட்டம் கடுமையாகவே இருக்கிறது.

ஏன் தகவலே வரலை?

வெளிநாட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் 14 நாள் வரை வைத்திருக்க அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. போனும் கையில் இருக்காது. அதனால் இரண்டு வாரம் சத்தமே இல்லை என்றால், உடனே விபரீதமாக நினைக்க வேண்டாம். வழக்கு போட்டால் கோர்ட், தண்டனை இருந்தால் சிறை, அது முடிந்ததும் டிப்போ எனப்படும் தடுப்பு முகாம், பிறகு ஊருக்கு அனுப்புவது. பொதுவாக இதுதான் வரிசை.

உடனே செய்ய வேண்டியவை

1. விவரம் திரட்டுங்க: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, மலேசியா போன தேதி, முதலாளி பெயர், பிடிபட்ட ஊர். பாஸ்போர்ட் காப்பி இல்லையா? பழைய டிக்கெட், மெயில், வாட்ஸ்அப் போட்டோக்களில் தேடுங்க.

2. கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கு மெயில் அனுப்புங்க: கைதான வெளிநாட்டவரைத் தூதரக அதிகாரி சந்திக்க, 1963 வியன்னா ஒப்பந்தம் வழிசெய்கிறது. பிடிபட்டவர் கேட்டால்தான் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. பயத்தில் அவர் கேட்காமல் விட்டிருக்கலாம். அதனால் நீங்களே சொல்லிடுங்க. சர்க்கரை, பிபி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் பிரிஸ்கிரிப்ஷன் காப்பியையும் சேருங்க. ஆனால், தூதரகத்தால் வழக்கை ரத்து செய்ய முடியாது.

3. 'மதத்' போர்ட்டலில் பதியுங்க: இது வெளியுறவுத் துறையின் இலவசப் புகார் தளம். கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரமா வைங்க.

4. தமிழக அரசிடமும் சொல்லுங்க: சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கு எழுதுங்க. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமும் மனு கொடுக்கலாம்.

பாஸ்போர்ட் இல்லைன்னா?

தூதரகம் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் தரும். நம்ம ஆட்கள் 'அவுட்பாஸ்' என்பது இதைத்தான். ஊர் திரும்ப மட்டுமே செல்லும். அவர் இந்தியர்தான் என்று உறுதி செய்த பிறகே கிடைக்கும் என்பதால், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி டி.சி. காப்பிகளைத் தயாரா வைங்க. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருந்தால், அது மலேசியச் சட்டப்படி குற்றம். சம்பளம் தராமல் அடைத்து வைத்து வேலை வாங்கியிருந்தால் அதையும் மெயிலில் எழுதுங்க. ஆள்கடத்தலில் சிக்கியவர்களைப் பாதுகாக்க அங்கே 2007-ல் இருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

பணம் எங்கே போகணும்?

* கோர்ட் அபராதத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத எந்தப் பணமும் வேண்டாம்.
* வக்கீல் வைக்கிறீங்களா? அவர் பெயர் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்க.
* மலாய் புரியாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். அங்கே கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், கேட்டு வாங்கணும்.
* அனுப்பும் தேதி உறுதியாகும் முன் டிக்கெட் போடாதீங்க. டிக்கெட்டுக்கே வழியில்லை என்றால், 2009-ல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியில் இருந்து உதவ முடியுமா என்று தூதரகத்திடம் கேளுங்க.

வீட்டில் ஒருத்தர் மட்டும் எல்லாரிடமும் பேசுங்க. யாரிடம், எப்போ, என்ன பேசினீங்க என்று நோட்டில் குறிச்சு வைங்க. உங்க வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறாங்களா? பாஸ்போர்ட் முதல் பக்கம், பெர்மிட் இரண்டையும் போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்பச் சொல்லுங்க.