ஒல்லி உடம்பு, புகையும் தொப்பை: 1876ல் ஆரம்பிச்ச கதை

1/ "டாக்டர், நான் ஒல்லி. எனக்கு எப்படி சுகர் வரும்?"

பாளையங்கோட்டையில் என் எதிரே உட்காரும் அண்ணாச்சிகள் பலர் கேட்கிற கேள்வி. கை, கால் மெலிசுதான். சட்டைக்குள்ளே தொப்பை மட்டும் எட்டிப் பார்க்கும். பதில் சொல்லணும்னா 150 வருஷம் பின்னாடி போகணும். வாங்க.

2/ 1876, ஜெர்மனி. வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்கு சோடியம் சாலிசிலேட் கொடுத்தார். இது ஆஸ்பிரினுக்கு அக்கா முறை. வாத வலிக்குத் தருவது. சிறுநீரில் போன சர்க்கரை குறைந்தது! 1901ல் மான்செஸ்டரில் வில்லியம்சனும் இதையே கண்டார்.

வீக்கத்தை அடக்கும் மருந்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? யாருக்கும் புரியலை. 1921ல் இன்சுலின் கண்டுபிடிச்சதும் அந்தக் கேள்வி ஓரமாப் போயிடுச்சு.

3/ 1936, லண்டன். சிலருக்கு இன்சுலின் போட்டாலும் உடம்பு சரியா கேட்கலை என்று ஹிம்ஸ்வொர்த் காட்டினார். கதவைத் தட்டியும் உள்ளே இருப்பவர் எழுந்து வராத கதை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. ஆனா ஏன்?

4/ 1993, பாஸ்டன். ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழு குண்டு எலிகளின் கொழுப்பை ஆராய்ந்தது. டி.என்.எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் அதிலிருந்தே சுரந்தது. அதைத் தடுத்தால் இன்சுலின் நல்லா வேலை செய்தது.

2003ல் இன்னொரு உண்மை: உடல் பருமனானால், கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் கொழுப்புக்குள் வந்து குவிகின்றன.

5/ அடிபட்டா சிவந்து, வீங்கி, வலிச்சு ஆறிடும். அது வைக்கோல் தீ. தொப்பைக்குள்ளே நடப்பது உமியில் பிடிச்ச நெருப்பு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வருஷக்கணக்கா புகையும்.

அந்தப் புகைதான் ரத்தத்தில் சி.ஆர்.பி. கூடவே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அதே மாதிரி மாற்றம் உடம்பின் கொழுப்பிலும் நடக்கும். இன்சுலின் எதிர்ப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்று 2006ல் ஆய்வுகள் காட்டின.

6/ இப்ப நம்ம ஊர். 2004ல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து எடுத்த படம் 'லான்செட்' இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ 22.3தான். உடல் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%!

2001ல் சென்னையில் 26,001 பேரிடம் தொடங்கிய 'க்யூர்ஸ்' ஆய்விலும், உடல் கொழுப்போடு சி.ஆர்.பி-யும் கூடுவது தெரிந்தது.

அண்ணாச்சி, தராசு உங்களை ஒல்லின்னு சொல்லும். தொப்பை வேற கதை சொல்லும்.

7/ "அப்போ ஆஸ்பிரின் போடலாமா?" கூடாது! சர்க்கரை குறைய அந்த மருந்து பெரிய அளவில் வேணும். அந்த அளவில் காது இரையும், வயிற்றில் ரத்தம் கசியும். சல்சலேட் என்ற உறவுக்கார மருந்தை 2013 வரை சோதித்தார்கள். சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. சிறுநீரில் புரதம் கூடியது. வழக்கமான சிகிச்சையா அது ஆகலை.

வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் பெரிய ஆய்வுகளில் சர்க்கரை நோயைத் தடுக்கலை. சுகருக்காக சி.ஆர்.பி டெஸ்ட் எடுத்துக் காசைக் கரைக்கவும் வேண்டாம்.

8/ ஒரு இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுங்க. ஆண்கள் 90 செ.மீ, பெண்கள் 80 செ.மீ. தாண்டினா சுகர் பாருங்க, நடக்க ஆரம்பிங்க. தொப்பை குறைஞ்சா சி.ஆர்.பி-யும் இறங்கும், இன்சுலினும் மறுபடி வேலை செய்யும்.

எப்ஸ்டைன் விட்டுப்போன கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அளந்து பார்க்க நமக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். இன்னைக்கே அளந்துடுங்க.