வழங்கிச் செயலிச் சந்தை

வழங்கிச் செயலி என்பது இணையத்தளங்கள், வங்கிக் கணக்குகள், பயணச்சீட்டு முன்பதிவு போன்ற சேவைகளை அளிக்கும் வழங்கிக் கணினிகளில் பயன்படும் நுண்செயலி ஆகும். மேசைக்கணினிச் செயலியைவிடக் கூடுதலான கருவகங்களுடனும், மிகுதியான நினைவகத்தைக் கையாளும் வகையிலும் இது வடிவமைக்கப்படுகிறது. இன்டெல் நிறுவனம் நீண்டகாலம் கோலோச்சிய இச்சந்தையில் 2017க்குப் பின்னர் போட்டி வலுப்பெற்றது.

போட்டியின் வரலாறு

வேகம் மட்டும் இச்சந்தையில் வெற்றி தருவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட மென்பொருள்கள் மாற்றமின்றி இயங்க வேண்டும். 2001இல் வெளியான இன்டெலின் இட்டானியம் புதிய ஆணைத்தொகுதியைக் கொண்டிருந்தது. பழைய எக்ஸ்86 மென்பொருள்கள் அதில் மெதுவாகவே இயங்கின. ஏ.எம்.டி. நிறுவனமோ 2003இல், பழைய ஆணைகளை அப்படியே ஏற்கும் 64 பிட்டு ஆப்டெரானை வெளியிட்டது. மறு ஆண்டே இன்டெலும் தன் சியான் செயலிகளில் அவ்விரிவாக்கத்தைப் பின்பற்ற நேர்ந்தது. போட்டியாளரின் வடிவமைப்பைத் தலைமை நிறுவனமே ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வு இது. பின்னர்ப் பின்தங்கிய ஏ.எம்.டி., 2017இல் எபிக் செயலியுடன் மீண்டது. 2018இல் அமேசான் நிறுவனம், ஆர்ம் கட்டமைப்பில் தனக்கெனக் கிராவிட்டான் செயலியை உருவாக்கியது. இதனால் வாடிக்கையாளரே போட்டியாளராகவும் ஆனார்.

சென்னையின் சக்தி திட்டம்

எக்ஸ்86 செயலியைப் பிறர் உருவாக்க உரிமம் பெறுவது அரிது. ஆர்ம் கட்டமைப்புக்கு உரிமக் கட்டணம் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2010இல் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதியை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இதனை அடிப்படையாகக் கொண்டு, சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு சக்தி செயலிகளை வடிவமைத்தது. வடிவமைப்பின் மூலநிரல் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது.

2018இல் உருவான இதன் ரைஸ்கிரீக் சில்லு, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலையிலேயே 22 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. அதே ஆண்டு ரிமோ சில்லு சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள அரைக்கடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. வடிவமைப்புக்கும் வார்ப்பாலைக்கும் இடையிலான இடைவெளியை இவ்விரு எண்களே காட்டும்.

வழங்கிகளுக்கென 'எஸ்', மீத்திறன் கணிமைக்கென 'எச்' ஆகிய வகுப்புகளும் சக்தி திட்டத்தில் வகுக்கப்பட்டன. எனினும் மேற்கண்ட சில்லுகள் இவ்வகுப்புகளைச் சேர்ந்தவை அல்ல. 2025இல் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கப்பட்ட ஐரிஸ் சில்லும் விண்வெளிக் கருவிகளுக்கானதே. உயர்கணிமைக்காக சி-டாக் நிறுவனம் வடிவமைத்த 96 கருவகங்கள் கொண்ட ஔம் செயலி, ரிஸ்க்-ஃபைவைப் பின்பற்றாமல், ஆர்ம் நிறுவனத்தின் நியோவெர்சு வி1 கருவகங்களைப் பயன்படுத்துகிறது.