துணியின் பிறப்பும் பண்பாட்டின் உரிமையும்: யிங்கா ஷொனிபாரேயின் கலை குறித்து

ஒரு சமூகத்தின் தனித்துவச் சின்னமாகக் கொள்ளப்படும் பொருள் அச்சமூகத்திலேயே பிறந்திருத்தல் வேண்டும் என்பது பலரிடத்தும் நிலவும் எண்ணமாகும். வரலாறு இவ்வெண்ணத்திற்கு எப்போதும் இடந்தருவதில்லை. மேற்கு ஆபிரிக்க மக்களின் உடையாக உலகெங்கும் அறியப்படும் வண்ண மெழுகுத் துணியின் வரலாறும், அத்துணியையும் புகைப்படத்தையும் தமது ஊடகங்களாகக் கொண்ட யிங்கா ஷொனிபாரே என்னும் கலைஞரின் ஆக்கங்களும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பற்றிக் கலை யாவாத் தீவிலே கைத்தொழிலாகச் சிறப்புற்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அத்தீவினை ஆண்ட ஒல்லாந்தர், அதே துணியைப் பொறிகளால் மலிவாக உற்பத்தி செய்து அம்மக்களுக்கே விற்க முனைந்தனர். பொறியிலே மெழுகுக்குப் பதிலாக இடப்பட்ட பிசின் வெடித்ததனால், சாயம் அவ்வெடிப்புகளினூடே கசிந்து நரம்பு போன்ற கோடுகளை விட்டுச் சென்றது. யாவா மக்கள் இதனைக் குறையெனக் கருதினர். அந்நூற்றாண்டின் இறுதியில் இத்துணி மேற்கு ஆபிரிக்கக் கரையில் நிலையான சந்தையைப் பெற்றது. ஒரு துண்டினைப் போல் மற்றொன்று அமையாமையே அங்கு அதன் சிறப்பாயிற்று. சந்தைப் பெண்கள் கோலங்களுக்குப் பெயரிட்டனர். பழமொழிகளை அவற்றோடு இணைத்தனர். அவர்தம் சுவைக்கேற்ப ஐரோப்பிய ஆலைகள் தம் கோலங்களை மாற்றவேண்டியிருந்தது. எனினும் இலாபத்தின் பெரும்பகுதி அவ்வாலைகளையே சென்றடைந்தது என்பதும் மறக்கற்பாலதன்று.

ஷொனிபாரே 1962இல் இலண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து, லாகோசில் வளர்ந்து, பதினேழாம் வயதளவில் இங்கிலாந்து திரும்பியவர். கலைக்கல்லூரியில் பயின்றபோது சோவியத் நாட்டின் பெரெஸ்திரொய்க்கா பற்றிய ஆக்கமொன்றில் ஈடுபட்டிருந்தார். 'உண்மையான ஆபிரிக்கக் கலையை' ஏன் படைக்கவில்லை என ஆசிரியர் ஒருவர் வினவினார். ஐரோப்பிய மாணவன் உலகின் எப்பொருளையும் பாடலாம். ஆபிரிக்க மாணவனோ ஆபிரிக்காவை மட்டுமே பாடவேண்டும் என்பதே அவ்வினாவின் உட்கிடை. இலண்டன் பிறிக்ஸ்ரன் சந்தையில் 'ஆபிரிக்கத் துணி'யின் பிறப்பு வரலாற்றை அறிந்த ஷொனிபாரே, அத்துணியையே அவ்வினாவுக்கு விடையாக்கினார்.

1998இல் இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களில் சுவரொட்டிகளாக வைக்கப்பட்ட 'விக்ரோறியாக்காலச் சொகுசுக்காரனின் நாட்குறிப்பு' என்னும் ஐந்து புகைப்படங்களில், ஷொனிபாரே தாமே நாயகனாகத் தோன்றினார். வெள்ளைப் பணியாளரும் நண்பரும் அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். இங்கு வண்ணத்துணி இல்லை. ஆங்கிலக் கனவானின் உடையே உண்டு. அவ்வுடை எவருக்கு உரியது என்பதே எழுப்பப்படும் வினா. 2003இல் அமைத்த 'ஆபிரிக்காவுக்கான போட்டி' என்னும் ஆக்கத்தில், தலையற்ற பதினான்கு உருவங்கள் ஆபிரிக்க வரைபடம் பொறித்த மேசையைச் சூழ்ந்திருக்கின்றன. 1884-85இல் பேர்ளினில் அக்கண்டத்தைப் பங்கிடக் கூடிய வல்லரசுகளை நினைவூட்டும் அவ்வுருவங்கள், விக்ரோறியா காலத் தையலில் மெழுகுத் துணியை அணிந்துள்ளன. 2008ஆம் ஆண்டுப் புகைப்படத் தொடரொன்றில் இருவகை ஊடகங்களும் ஒன்றுசேர்கின்றன. ஸ்பானிய ஓவியர் கோயாவின் செதுக்கோவியத்தைத் தழுவிய அத்தொடரில், ஒவ்வொரு படமும் ஒரு கண்டத்தின் பெயரைத் தாங்குகின்றது. ஆயின் பெயரும் அமர்ந்திருப்பவரின் தோற்றமும் பொருந்துவதில்லை.

இத்துணி வேற்றுநாட்டில் பிறந்தமையால் ஆபிரிக்கரின் உரிமை பொய்யாகிவிடுமா? ஆகாது. பெயரிட்டு, பொருளேற்றி, திருமணத்திலும் இழவிலும் உடுத்திய மக்களின் உழைப்பே அதனை அவர்தம் பண்பாடாக்கியது. பொய்யாவது 'தூய பண்பாடு' என்னும் கோட்பாடேயாகும். தூய்மையை எவரிடமிருந்து எவர் கோருகின்றனர் என்பதை நோக்கின், அது கலைச்சுவை பற்றிய வினாவாக அன்றி, அதிகாரம் பற்றிய வினாவாகவே அமைதல் புலனாகும். பண்பாட்டு வரலாற்றை ஆராய்வோர் ஒரு பொருளின் தோற்றுவாயோடு நின்றுவிடாது, அதன் பயன்பாட்டு வரலாற்றையும் வாணிப உறவுகளையும் ஒருங்கே நோக்குதல் இன்றியமையாததாகும்.