சேற்றுக் காய்ச்சலும் இரத்தப் போத்தலும்: மெலியோய்டோசிஸ் எப்படிக் கண்டறியப்படுகிறது?

மாரி மழையில் பெரும்போக வயல்கள் நிறைந்து நிற்கும் மாதங்களில் காய்ச்சல் வந்தால் மட்டக்களப்பில் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணுகிறோம். அதே சேற்றிலிருந்து தொற்றும் மூன்றாவது நோய் ஒன்று உண்டு: மெலியோய்டோசிஸ். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா, தோல் வெடிப்பு வழியாகவோ சுவாசம் வழியாகவோ உடலுக்குள் போகிறது. நிமோனியா, ஈரல் மற்றும் மண்ணீரலில் சீழ்க்கட்டி, இரத்தத்தில் கிருமி பரவுதல் என்று பல வடிவில் வரும். நுரையீரலில் மெதுவாக வளர்ந்தால் காசநோய் போலவே தோன்றும்.

1912 இல் ரங்கூனிலிருந்து இதை முதலில் விவரித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும். இலங்கையில் முதல் நோயாளி 1927 இல் பதிவானார். பிறகு பல தசாப்தங்கள் பேச்சே இல்லை. 2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் ஏனோகா கொரயா குழுவினர் தேடத் தொடங்கிய பின்னரே எண்ணிக்கை ஏறியது. 2018 இல் வெளியான அவர்களது ஆய்வு 250 நோயாளிகளை விவரிக்கிறது. நோய் புதிதல்ல, தேடல்தான் புதிது.

கிழக்கில் கடும் வானிலைக்குப் பின் ஒரே காலத்தில் பத்துப் பேரின் இரத்தத்தில் இக்கிருமி கண்டறியப்பட்டது. மரபணுவை ஆராய்ந்தபோது, அவை ஒரே கிருமியின் வழிவந்தவையல்ல எனத் தெரிந்தது. அதாவது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவவில்லை. கிருமி ஏற்கெனவே நம் மண்ணில் பரவலாக இருக்கிறது.

நோயை உறுதிசெய்வது 'கல்ச்சர்' எனப்படும் வளர்ப்புப் பரிசோதனை. இரத்தத்தை ஊட்டத் திரவமுள்ள போத்தலில் இட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். சிக்கல் இங்கேதான். கிருமி தெரிய இரண்டு நாளுக்கு மேலாகலாம். பழக்கமில்லாத கண்ணுக்கு அது வெளியிலிருந்து கலந்த சாதாரணக் கிருமியாகத் தோன்றி, குப்பைக்குப் போய்விடலாம். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமொக்சிகிளேவுக்கு அடங்கினால் சந்தேகிக்க வேண்டும் என்பது ஆய்வுகூடங்களின் எளிய விதி. ஒருமுறைப் பரிசோதனை சுமார் 60 சதவீதத்தினரையே பிடிக்கும். எனவே சிறுநீர், சீழ், தொண்டை மாதிரிகளும் எடுத்து, தேவையானால் திரும்பவும் செய்ய வேண்டும். நோயெதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் இரத்தச் சோதனை மட்டும் போதாது. சேற்றில் வேலை செய்யும் நோயற்றவருக்கும் அது காட்டும்.

பெயர் சரியாகத் தெரிந்தால் என்ன மாறும்? தாய்லாந்தில் 1989 இல் வெளியான ஆய்வில், செப்டாசிடிம் கொடுத்தபோது கடும் நோயாளிகளின் இறப்பு 74 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. வழமையான காய்ச்சல் ஊசிகள் பல இக்கிருமியைத் தொடுவதே இல்லை.

மிகுந்த ஆபத்து சீனி வருத்தக்காரருக்கு. சிறுநீரக நோயாளருக்கும் அப்படியே. போரில் காலிழந்து, செயற்கைக் கால் உராய்ந்த புண்ணோடு வயலில் இறங்குவோரும் கவனிக்க வேண்டும். புண்தான் கிருமிக்கு வாசல். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபின் படுவான்கரையிலிருந்து நகரத்துக்கு வருவது இலகு. ஆனாலும் இரண்டு, மூன்று நாள் கடை மருந்தில் தள்ளிவிட்டே பலர் வருகிறார்கள். மருந்து தொடங்கியபின் எடுக்கும் இரத்தத்தில் கிருமி சிக்குவது கடினம். எனவே வைத்தியரிடம் வயல் வேலையையும் சீனி வருத்தத்தையும் தாமாகவே சொல்லுங்கள்.

ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். அதன்பின் கோட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதமாவது எடுக்க வேண்டும். சுகம் கண்டதும் நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.