சமன்பாடும் சொத்துப் பங்கீடும்: அல்ஜப்ர், முகாபலா

நேரியல் சமன்பாட்டின் வடிவத்தை மாற்றும்போது 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். ஏன் மாறுகிறது? கலீஃபா மஃமூன் காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் வாழ்ந்த அறிஞர் முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி இதை இரண்டு செயல்களாகப் பிரித்து விளக்கினார்.

அல்ஜப்ர்: கழித்தலாக நிற்கும் உறுப்பை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குதல். 'அல்ஜீப்ரா' என்ற பெயர் இதிலிருந்து வந்ததே.

முகாபலா: இரு பக்கமும் உள்ள ஒரே வகை உறுப்புகளைச் சம அளவில் நீக்குதல்.

அவர் தமது நூலின் பெரும்பகுதியை வாரிசுரிமை, வஸிய்யத் கணக்குகளுக்கே ஒதுக்கினார். குறியீடுகள் இல்லாத காலம் என்பதால் எல்லாவற்றையும் சொற்களிலேயே எழுதினார்.

ஓர் உதாரணம். கடனும் வஸிய்யத்தும் போக ஒருவர் விட்டுச் சென்றது 24 இலட்சம் ரூபாய். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 இலட்சம். மீதியில் மகளைப் போல் இரு மடங்கு மகனுக்கு (அல்குர்ஆன் 4:11, 12). மகளின் பங்கை 'ம' என்போம். மொத்தத்தில் மகளின் பங்கு போக எஞ்சுவது மகனுக்கும் மனைவிக்கும் உரியது:

24 − ம = 2ம + 3

அல்ஜப்ர் (இரு பக்கமும் ம கூட்ட): 24 = 3ம + 3

முகாபலா (இரு பக்கமும் 3 நீக்க): 21 = 3ம

ஆகவே ம = 7. மகளுக்கு 7 இலட்சம், மகனுக்கு 14, மனைவிக்கு 3, கூட்டினால் 24.

இந்தக் கணக்கை நம் பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம். அல்லாஹ் விதித்த தம் பங்கு சரியாக வந்து சேர்ந்ததா என்பதை அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.