வரம்

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தின் மலாய்ப் பெயருக்கு, கம்பை வீசி மரத்துக் கனியை விழ வைப்பது என்று பொருள் சொல்வார்கள். புராணங்களின் வரமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒற்றைக்காலில் தவமிருந்து, தெய்வத்தை இறங்கி வரச் செய்து, கேட்டுப் பெறுவது. சொல்லே வடமொழி ‘வர’. தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. எதைத் தேர்வது என்பது கேட்பவன் கையில்.

தமிழ் வேதாகமத்தில் ‘வரம்’ ஆனதோ, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ‘காரிஸ்மா’ என்ற கிரேக்கச் சொல். அதன் வேர் ‘காரிஸ்’, அதாவது கிருபை. யாருக்கு எது என்று பகிர்ந்து கொடுப்பவர் ஆவியானவர். தவத்துக்குக் கூலி அல்ல. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடைவெளியை உணர்ந்திருக்க வேண்டும். ரோமர் 6:23இல் ‘கிருபைவரம்’ என்று ஒட்டுப்போட்டார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘அருள்கொடை’ என்றது. என் காதுக்கு அதுவே சரியான சொல். கொடுப்பவர் அதில் மறைவதில்லை.

இன்றும் பொங்கோலிலிருந்து வடகிழக்கு ரயிலேறி லிட்டில் இந்தியாப் பக்கம் ஆராதனைக்குப் போகிறவர், ஷார்ட் ஸ்ட்ரீட் மெதடிஸ்ட் ஆலயத்தில் ‘வரம்’ என்று கேட்கலாம். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் ‘அருள்கொடை’.

பேச்சில் வரம் என்றால் அந்நியபாஷையும் குணமாக்குதலும்தான். ரோமர் 12 போதித்தல், பகிர்ந்து கொடுத்தல், இரக்கம் செய்தல் ஆகியவற்றையும் அதே வரிசையில் வைக்கிறது. முதியவரைச் சக்கர நாற்காலியில் ஆலயத்துக்கு அழைத்து வருபவரையும் வரம் பெற்றவர் என்றே அழையுங்கள்.